தாப்பியின் இடது கை

இருபத்து மூன்று நாள், பதினான்கு மணி நேரம். இதை எழுத உட்காரும்போது அவ்வளவு ஆகியிருக்கிறது. இப்போது காலை ஒன்பது பத்து. ஜன்னலைத் திறந்து வைத்து, வெயில் மேசையில் விழும்படி உட்கார்ந்திருக்கிறேன். இருட்டிய பிறகு இதை எழுத என்னால் முடியாது.

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. நான் உயிரியல் படித்தவள். எதையும் எண்ணி, குறித்து வைத்து, அப்புறம்தான் நம்புவேன். அன்றைக்கும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பயமே அதனால்தான். எண்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. எதுவும் மறக்கவில்லை.

தங்காக்கிலிருந்து லேடாங் மலைப் பக்கம் போகும் சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. பெயர் வேண்டாம். பெரிய பூங்கா இல்லை. ஒரு ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, ஒரு பழைய குட்டி ரயில், நடுவில் மேடையோடு ஒரு திடல். மூவார், பத்து பஹாட், மலாக்கா குடும்பங்கள் வரும். பள்ளி விடுமுறை என்றால் சிங்கப்பூர் வண்டிகளும் வரும்.

எனக்கு ஊர் பாசிர் கூடாங். பட்டம் வாங்கி எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். தொழிற்சாலை ஆய்வுக்கூடங்களில் நேர்காணல் வரைக்கும் கூப்பிடுவார்கள். எதிரில் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் எனக்குக் குரல் வராது. இந்தப் பூங்காவில் மட்டும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

"ஆளுங்களை எண்ணத் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினேன். வேலை கிடைத்தது.

பூங்காவின் பிரச்சினை எளியது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் குடும்பங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடும். இருக்க வைக்க மாலையில் ஒரு காட்சி நடத்தினார்கள். உறுமி மேளம் நான்கு பேர், ஆடுகிற பெண்கள் இரண்டு பேர், அப்புறம் தாப்பி. தாப்பி என்பது பூங்காவின் பொம்மை வேஷம். தாப்பிர் என்கிற காட்டு விலங்கு. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை, நீண்ட மூக்கு. நம் பிள்ளைகள் அதைப் பன்றியானை என்று கூப்பிடுவார்கள்.

ஏழு பேர். பதினான்கு நாள் தவணை. பதினான்காம் நாள் மாலை மேலிடத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். அன்றைக்குத் திடலில் நானூறு பேர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காட்சியை நிறுத்திவிட்டு, மாத முடிவில் ஏழு பேரையும் அனுப்பிவிடுவார்கள்.

எண்ணுவது நான்.

முதல் மூன்று நாள் ஓரமாக நின்று பார்த்தேன். மேளம் அடிக்கும்போது அப்பாக்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள். வயதானவர்கள் உட்கார இடம் தேடினார்கள். பெரிய பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். தாப்பி வந்தால்தான் எல்லாம் மாறியது. சின்னப் பிள்ளை அம்மாவை இழுக்கும். அம்மா அப்பாவைப் படம் எடுக்கக் கூப்பிடுவார். அப்பா தன் பெற்றோரைக் கையசைத்துக் கூப்பிடுவார். ஒரு பிள்ளை வந்தால் ஐந்து பேர் வந்தார்கள். தாப்பி உள்ளே போனதும் ஐந்து பேரும் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார்கள்.

தாப்பி வெளியில் இருந்தது இருபது நிமிடம்.

அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். "தாப்பியின் நேரத்தை இருபது நிமிடத்திலிருந்து முப்பத்தைந்தாகக் கூட்டலாம்."

அந்த வரியை எழுதியபோது நான் இருந்த அறையில் ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து நான்கு டிகிரி. அதுவும் நினைவிருக்கிறது.

காட்சிகளுக்குப் பொறுப்பு ஷிரீன் அக்கா. முப்பத்து நான்கு வயது இருக்கும். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். வரியைப் படித்தார். நிறைய நேரம் படித்தார்.

"முப்பத்தஞ்சா?"

"நடுவுல அஞ்சு நிமிஷம் உள்ள போய்த் தண்ணி குடிக்கலாம்," என்றேன்.

"உள்ள இருக்கறவனைக் கேளு."

உள்ளே இருக்கிறவர் ரூபேந்திரன், எனக்கு ரூபன் அண்ணா. இருபத்தேழு வயது. அவர் மனைவி தங்காக்கில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். ஏழு மாதக் கர்ப்பம். அந்த ஏழு பேரில் இந்த வேலை போனால் அதிகம் அடிபடப் போகிறவர் அவர்தான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்.

"முப்பத்தஞ்சு எல்லாம் ஒண்ணுமில்ல சயின்ஸ். எங்க வீட்டுத் தகரக் கூரை அறையில ஒரு மணி நேரம் படுத்துப் பாரு. தாப்பிக்குள்ளதான் குளுகுளுன்னு இருக்கும்."

"அப்ப சரியாண்ணா?"

"எழுது லா. ஏழு குடும்பத்துக்கு நீதான் வாத்தியார். மார்க்கைப் பார்த்துப் போடு."

அப்படித்தான் சரியென்று எழுதினேன். அவர் இதயத்துடிப்பைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கைக்கடிகாரம் கட்டச் சொன்னேன். எத்தனை காலடி நடக்கிறார், துடிப்பு எவ்வளவு என்று அது என் கைப்பேசிக்கு அனுப்பும். அறிக்கைக்கு உதவும் என்று நினைத்தேன்.

தாப்பியால் சரியாகப் பார்க்க முடியாது. வாய்க்குள் இருக்கிற வலை வழியாக ஒரு முழம் தூரம்தான் தெரியும். அதனால் கூடவே ஓர் ஆள் அதன் இடது கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும். அந்த ஆளை ஜாகா என்பார்கள். தோட்டத்தில் காவல்காரரைச் சொல்கிற அதே சொல்தான். இருந்த ஜாகா வேறு வேலைக்குப் போய்விட்டார்.

"நீ எப்படியும் எண்ணிக்கிட்டு நிக்கிற," என்றார் ஷிரீன் அக்கா. "இடது கையில எண்ணு. வலது கை சும்மாதானே இருக்கு?"

தாப்பி பேசக் கூடாது. பேசினால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். கையை அழுத்தித்தான் சொல்ல வேண்டும். ஷிரீன் அக்கா சொல்லிக் கொடுத்தார். தன் கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்.

"ஒரு தடவை அழுத்தினா, நல்லா இருக்கேன். ரெண்டு தடவைன்னா, உள்ள கூட்டிட்டுப் போ."

"மூணு தடவை அழுத்தினா?"

நான் கேட்டது வெறும் ஒழுங்குக்காக. ஒன்று, இரண்டு என்றால் அடுத்தது மூன்று.

"மூணு கெடையாது. ரெண்டோட சரி."

திரும்பி நடந்துவிட்டார். அந்தப் பதினான்கு நாளில் அவர் ஒரு தடவை கூட தாப்பியின் பக்கத்தில் நின்று நான் பார்க்கவில்லை. உடுப்பு அறைப் பக்கம் வரவே மாட்டார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஓர் ஆணின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது முதல் நாள் கூச்சமாக இருந்தது. ஆனால் நடுவில் இரண்டு அங்குல பஞ்சு. பேச வேண்டியதில்லை. நான் ஒரு தடவை அழுத்துவேன். ரூபன் அண்ணா ஒரு தடவை அழுத்துவார். அவ்வளவுதான் பேச்சு.

உடுப்புகளைப் பார்த்துக்கொள்பவர் கருப்பாயி அக்கா. தாப்பியைத் தைத்தவரும் அவர்தான். ஒரு நாள் கையுறையைப் பார்த்துச் சொன்னேன்.

"நாலு விரல் வச்சிருக்கீங்க அக்கா. சரியா இருக்கு. தாப்பிருக்கு முன்கால்ல நாலு, பின்கால்ல மூணு."

"மொதல்ல தெரியாம கையிலயும் மூணுதான் வச்சேன். ஒரு வாத்தியார் வந்து, பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லித் தரீங்களேன்னு சண்டை போட்டாரு. புதுசு தைக்கும்போது நாலு வச்சேன். தலைக்குள்ள காத்தாடியும் வச்சேன். பழசுல அது கெடையாது."

"பழசு எங்க அக்கா?"

ஊசி நின்றது.

"இல்ல," என்றார்.

இன்னொன்றும் கவனித்தேன். உடுப்பு அறையில் முக்காலி மேல் தினமும் இரண்டு போத்தல் தண்ணீர் வைப்பார். தாப்பி ஒன்றுதான். ஆளும் ஒருவர்தான். ஒருவேளை தாகம் அதிகம் என்று நினைத்தேன். ஆனால் ரூபன் அண்ணா எப்போதும் இடது பக்கப் போத்தலை மட்டும்தான் எடுப்பார். மற்றது அப்படியே இருக்கும். மறுநாள் காலையில் கருப்பாயி அக்கா அதைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக வைப்பார்.

"அது யாருக்கு?"

"சும்மா."

கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. ஒன்பதாம் நாள் முந்நூற்றுப் பத்து. பன்னிரண்டாம் நாள் முந்நூற்று எழுபது.

"இன்னும் முப்பது தலைதானே," என்றார் ரூபன் அண்ணா, தாப்பியின் தலையைக் கக்கத்தில் இடுக்கியபடி. முகம் சிவந்து, முடி ஒட்டிப் போயிருந்தது. "ஒரு கல்யாண பஸ்ஸைத் திருப்பி விட்டா முடிஞ்சுது."

"தலை சுத்துதாண்ணா?"

"சுத்துனா ரெண்டு தடவை அழுத்த மாட்டேனா?"

பதினான்காம் நாள். சனிக்கிழமை.

நாலு மணிக்கு மழை பெய்து நின்றது. அதற்குப் பிறகு காற்றே இல்லை. முப்பத்திரண்டு டிகிரி. காற்றில் ஈரம் எண்பத்தெட்டு விழுக்காடு. தரையிலிருந்து ஆவி எழுந்தது.

மேலிடத்துக்காரர்கள் மூன்று பேர் உணவுக் கடைப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஷிரீன் அக்கா மேடை ஓரம். என் இடுப்பில் வாக்கி டாக்கி. இடது கையில் கிளிக்கர், அழுத்தி அழுத்தி எண்ணுகிற சின்னக் கருவி.

6.50. மேளம் தொடங்கியது. தாப்பி ஆடியது. ரூபன் அண்ணா அன்றைக்கு நன்றாக ஆடினார். பிள்ளைகள் மேடையை மொய்த்தன.

7.05. தாப்பியை உடுப்பு அறைக்குக் கூட்டி வந்தேன். அது ஒரு பழைய சரக்குக் கொட்டகை. வாசலில் கனமான நீலத் திரை. ஆண்கள் உடை மாற்றும் இடம் என்பதால் நான் வெளியில்தான் நிற்பேன். போகும்போது என் கையை ஒரு தடவை அழுத்தினார். நல்லா இருக்கேன். தலைக்குள் காற்றாடி "ம்ம்ம்" என்று ஓடுவது திரை மறையும் வரை கேட்டது.

கருப்பாயி அக்கா அன்றைக்கு உள்ளே இல்லை. ஆடுகிற பெண் ஒருத்தியின் ரவிக்கை பிய்ந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் தைத்துக்கொண்டிருந்தார்.

7.06. உள்ளே ஒரு சத்தம்.

தொப்.

மூட்டை விழுந்தது போல. போத்தலாக இருக்காது. போத்தல் அப்படி விழாது. எனக்கு அப்போதே தெரியும். "அண்ணா?" என்று கூப்பிட்டேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டிருக்கலாம். திரையை விலக்கியிருக்கலாம். உள்ளே அவர் பாதி உடுப்பில் இருந்தால் என்ன செய்வது என்று நின்றேன்.

நான்கு நிமிடம் நின்றேன்.

7.10. திரை அசைந்தது. ஒரு கை வெளியே வந்தது. இடது கை. கறுப்புக் கையுறை.

அப்பாடா என்று இருந்தது. பிடித்துக்கொண்டேன். நடந்தோம்.

திடலுக்குத் தொண்ணூறு மீட்டர். தாப்பி மெதுவாக நடந்தது. களைப்பு என்று நினைத்தேன். கையுறை ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். ஆனால் ரூபன் அண்ணாவின் கையுறை எப்போதும் உள்ளிருந்து சூடு அடிக்கும். இது குளிர்ந்திருந்தது. பானைக்கு அடியில் கிடந்த துணி மாதிரி.

கிளிக்கரை அழுத்தினேன். முந்நூற்று நாற்பது. முந்நூற்று ஐம்பத்தொன்று.

7.14. ஒரு குடும்பம் படம் எடுக்க வந்தது. அப்பா, அம்மா, இரட்டைக் குடுமி போட்ட ஒரு பெண் குழந்தை. ஐந்து வயது இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்ததாக அம்மா சொன்னார். அப்பா கைப்பேசியைத் தூக்கினார்.

பிள்ளைகள் எப்போதும் தாப்பியின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே யார் என்று தெரிந்துகொள்ள. அந்தக் குழந்தையும் நுனிக்காலில் நின்று வலைக்குள் பார்த்தது. நிறைய நேரம் பார்த்தது.

பிறகு அம்மாவிடம் போய், மெல்லிய குரலில் சொன்னது.

"சத்தம் போடாதீங்கம்மா. உள்ள மாமா தூங்குறாங்க."

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். கிளிக்கரில் மூன்று அழுத்தினேன்.

முந்நூற்று எழுபத்தாறு.

அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். யாரும் தாப்பியைக் கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. மழைக்குப் பிறகு பிள்ளைகள் சிணுங்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

7.18. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சூராவில், சின்னத் தொழுகைக் கூடத்தில், பாங்கு சொன்னார்கள். பாங்கு கேட்டால் பூங்காவில் இசையை நிறுத்திவிடுவார்கள். தினமும் அப்படித்தான். மேளம் நின்றது. ஒலிபெருக்கி அணைந்தது. ஆட்கள் மெதுவாகப் பேசினார்கள்.

அந்த அமைதியில் தினமும் எனக்கு ஒரு சத்தம் கேட்கும். தாப்பியின் தலைக்குள் ஓடுகிற காற்றாடி.

அன்றைக்குக் கேட்கவில்லை.

காது கொடுத்துக் கேட்டேன். பாங்கு. ஒரு குழந்தையின் செருப்புச் சத்தம். தூரத்தில் மோட்டார்.

பக்கத்தில்... எதுவும் இல்லை.

மூச்சுச் சத்தமும் இல்லை.

காற்றாடி கெட்டுப் போயிருக்கும். அவருக்கு மூச்சு முட்டுமே. பயந்துபோய்க் கையை ஒரு தடவை அழுத்தினேன். நல்லா இருக்கீங்களா?

பதில் வரவில்லை.

மறுபடி பிடிக்கும்போது என் விரல்கள் அந்தக் கையுறையின் விரல்களுக்கு நடுவே போயின. நான் எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை. பழக்கம்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அடுத்தது உள்ளங்கை.

மறுபடி எண்ணினேன்.

மூன்று.

7.20. அப்போதுதான் அது அழுத்தியது.

ஒன்று...

இரண்டு...

மூன்று.

நின்றது. மறுபடி மூன்று. நின்றது. மறுபடி மூன்று.

பலமாக இல்லை. ஒவ்வொரு தடவையும் முந்தினதை விடக் குறைந்துகொண்டே வந்தது.

மூன்று கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. மூன்று என்பது இரண்டை விட அதிகம்.

திரும்பினேன். தாப்பியை இழுத்துக்கொண்டு உடுப்பு அறைப் பக்கம் நடந்தேன்.

வாக்கி கரகரத்தது. ஷிரீன் அக்கா.

"மினி, எங்க போற?"

நடந்தேன்.

"மினி. எத்தனை?"

பார்த்தேன். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

சொன்னேன்.

"இன்னும் ஒன்பது பேர். கேட்டுல ஒரு வேன் எறங்குது. அவங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க. திரும்பு."

நான் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. வாக்கியை அணைத்தேன்.

அறுபது மீட்டர். நாற்பது.

கைக்குள் அழுத்தம் வந்துகொண்டே இருந்தது. மூன்று. மூன்று. இப்போது துணி உரசுகிற அளவுதான்.

பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

இருபது.

தரை ஈரம். என் காலடிச் சத்தம் கேட்டது. சளக். சளக்.

என்னுடையது மட்டும்.

7.24. திரை.

கை என் கையிலிருந்து நழுவியது. திரை உள்ளே அசைந்தது.

நான் திரையைப் பிடித்து விலக்கினேன்.

"ம்ம்ம்..."

காற்றாடிச் சத்தம்.

தரையில் தாப்பி கிடந்தது. முக்காலிக்குப் பக்கத்தில், ஒருக்களித்து. தலை மாட்டியபடியே. கை நீட்டிக் கிடந்தது.

நான்கு விரல்.

அறையில் வேறு யாரும் இல்லை. வேறு வாசலும் இல்லை.

நான் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கருப்பாயி அக்கா கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். முதுகுப் பக்கம் ஒரே வெட்டாக வெட்டினார். எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர் போல வெட்டினார். ரூபன் அண்ணாவின் உடம்பு கொதித்தது. வியர்வையே இல்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கி மேலே கொட்டினோம்.

ஆம்புலன்ஸ் வந்தது 7.41.

பிழைத்துக்கொண்டார். மூவாரில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் என்று மருத்துவர் தொடங்கினார். அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மீதியைச் சொல்லவில்லை. தாப்பி 7.30 வரை வெளியில் நிற்க வேண்டியது. நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அன்றிரவு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தேன். கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தது.

6.50 முதல் 7.05 வரை, ஆயிரத்து நானூறு அடி.

7.06 முதல் 7.24 வரை, பூஜ்யம்.

ஒரு அடி கூட இல்லை. தொப் என்று கேட்டதே, அப்போது விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

கருப்பாயி அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தார். காட்டினேன். அவருக்கு அந்த எண்கள் புரிந்ததா தெரியாது. நான் சொன்னது புரிந்தது.

"கையில எத்தனை விரல்?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன்.

பிறகு சொன்னார்.

"ஹேமநாதன்னு ஒரு பையன். ஆறு வருஷம் ஆவுது. மத்தியானக் காட்சி. அந்தப் பழைய உடுப்புக்குள்ளயே போயிட்டான். நான்தான் வெட்டி எடுத்தேன். உடுப்பை நானே கொண்டுபோய் எரிச்சேன்."

"அப்ப ரெண்டாவது போத்தல்..."

"அவனுக்குத் தண்ணி கெடைக்கல. அதான்."

மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் உடுப்பு அறையைக் கூட்டப் போனோம். முக்காலி மேல் இடது போத்தல் மூடி திறக்காமல் இருந்தது. வலது போத்தல் காலி. தரை ஈரமில்லை.

கருப்பாயி அக்கா அதை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"அன்னிக்கு ஹேமநாதன் கையைப் புடிச்சிருந்த ஜாகா யாரு அக்கா?" என்று கேட்டேன்.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மேலிடத்தில் விசாரணை நடந்தது. நான் எழுதிக் கொடுத்தேன். "தாப்பி இரண்டு தடவை அழுத்தியது. விதிப்படி உள்ளே கூட்டி வந்தேன்." கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதவில்லை. மூன்று என்று எழுதவில்லை. மூன்றுதான் கிடையாதே. காட்சிக்கு இன்னும் மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள், தாப்பி இல்லாமல். ஏழு பேருக்கும் வேலை இருக்கிறது. ரூபன் அண்ணா இனிமேல் உறுமி அடிப்பார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நேற்று மாலை 5.40. அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். ஷிரீன் அக்கா வந்து கதவைச் சாத்தினார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. வாக்கியை அணைத்த கோபம் என்று நினைத்திருந்தேன்.

கைப்பேசியை மேசை மேல் வைத்தார். ஒரு படம். யாரோ சிங்கப்பூர்க்காரர் போட்டிருந்தது. இரட்டைக் குடுமிக் குழந்தை சிரிக்கிறது. பக்கத்தில் நான். நடுவில் தாப்பி. தெளிவாக இருக்கிறது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது.

ஷிரீன் அக்கா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். என் கையும் தாப்பியின் கையும் மட்டும் திரையில் நின்றன.

"எண்ணு," என்றார்.

"எண்ணிட்டேன் அக்கா. அன்னிக்கே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போதும் மறைக்கிற கைகளை இப்போது மறைக்கவில்லை. இரண்டையும் மேசை மேல் வைத்தார்.

"ரெண்டு தடவைன்னு எழுதியிருக்க."

நான் படத்தையே பார்த்தேன்.

"உண்மையைச் சொல்லு மினி. எத்தனை தடவை?"

வெளியே ஒத்திகை மேளம் தொடங்கியது. அது அடங்கும் வரை காத்திருந்தேன். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"மூணு."

ஷிரீன் அக்கா தலையாட்டினார். ஏற்கனவே தெரிந்ததைக் கேட்டது போல. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு வரலைன்னா மூணு. அப்ப அதுதான் விதி. ஹேமநாதனுக்கு அன்னிக்கு ஜாகா நான்தான். எனக்கும் மூணு தடவைதான் அழுத்துனான், மினி. பிள்ளைங்க போட்டோவுக்கு வரிசையில நின்னாங்க. எப்பவும் விளாடுற பையன்... நானும் சிரிச்சுக்கிட்டே திருப்பி மூணு தடவை அழுத்துனேன்."